அம்மாவின் கையெழுத்தும் என்னுடைய ஆப்பும்

போன ஆவணி மாதம் அம்மா பாங்க்குக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தா. கணக்கில் காசு இருந்தது. கையெழுத்துத்தான் பொருந்தவில்லை.

இரண்டு வருடமாக அவவின் வலது கையில் ஒரு நடுக்கம். இருபத்திரண்டு வருடம் முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பழக்கின கை. கவுண்டரில் இருந்த பிள்ளை மூன்று தரம் கையெழுத்து வைக்கச் சொல்லி, பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, கைநாட்டுக்கு மாத்தினா உங்களுக்கு லேசா இருக்கும், ஒரு படிவம்தான்" என்று சொல்லியிருக்கிறா. மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறா. ஆனால் பின்னால் லைனில் நின்ற இரண்டு பேர் அம்மாவிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார். அம்மா படிவத்தை வாங்கவில்லை. பாஸ் புக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து, கிளிநொச்சி வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, வீட்டுக்கு வந்துதான் எனக்குப் போன் எடுத்தா.

"நான் கைநாட்டு இல்லைப் பிள்ளை" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

நான் அப்போது வெள்ளவத்தையில், கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டில் இருந்தேன். எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, ஒருவிதமான சந்தோசம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இனியாவது அம்மாவை ஆப்புக்கு மாற்றலாம் என்று நினைத்தேன். மூன்று வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டு இருக்கிறேன். "உன்ர ஆப்பு எனக்கு வேண்டாம்" என்பது அவவின் நிரந்தரப் பதில். 'ஆப்பு' என்று அவ அழுத்திச் சொல்லும்போது அது தெரியாமல் வருகிற உச்சரிப்பா, தெரிந்தே சொல்கிற பகிடியா என்று இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

என்னுடைய கணக்கு பத்து நிமிடத்தில் திறந்தது. அடையாள அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து, வீடியோவில் முகத்தைக் காட்டி, முடிந்தது. சம்பளம் விழுந்த அன்றே ஒரு பகுதி தானாகச் சேமிப்புக்குப் போய்விடும். அம்மாவுக்குக் காசு அனுப்பினால், நான் போனை மேசையில் வைக்க முதல் அவவின் கணக்கில் விழுந்துவிடும். சாதாரண சேமிப்புக் கணக்கைவிட வட்டியும் கொஞ்சம் கூட. லைனில் நின்று, நம்பர் துண்டு எடுத்து, "பேனை இருக்கா" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத் திரிகிற வேலை ஒன்றும் இல்லை. கிளை வங்கி எங்கள் அம்மம்மாரின் காலத்துச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா ஏன் அந்தக் கிளையை விடமாட்டா என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. 2009இல் மாத்தளனில் இருந்து வெளியே வந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு சொப்பிங் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, அம்மாவின் அடையாள அட்டை, பாஸ் புக். எனக்குப் பத்து வயது. தண்ணி படாமல் அந்தப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறதுதான் என்னுடைய வேலை. மெனிக் பாம் முகாமில் இருந்த காலம் முழுக்க அது அம்மாவின் தலைமாட்டில்தான் இருந்தது. ஊருக்குத் திரும்பி, கிளையும் திரும்பத் திறந்த பிறகு ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனா. ஓரம் கறுத்துப்போன பாஸ் புக்கை அந்த மெசினுக்குள் விட்டார்கள். அது கிர்ர், கிர்ர் என்று வரிக்கு வரி அடித்துக்கொண்டே போனது. நாங்கள் பதுங்குகுழிக்குள் இருந்த மாதங்களின் வட்டியும் அதில் இருந்தது. வீடு இல்லை, மாடு இல்லை, தையல் மெசின் இல்லை. அந்தக் காசு மட்டும் போட்டபடி இருந்தது. இதைப் பார்த்த ஒரு மனுசியிடம் போய் 'யூஸர் எக்ஸ்பீரியன்ஸ்' பற்றி நான் கதைத்திருக்கிறேன்.

ஆனால் அந்த விசுவாசத்தால் அம்மா நட்டப்பட்டதும் உண்டு. அவவுக்கு 4 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு ஒன்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் தானாகப் புதுப்பிக்கிறது. 2022 பெப்ரவரியில் அது பழைய குறைந்த வட்டிக்கே இன்னொரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அதே வருடம் ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் கூட்டியது. கொஞ்சக் காலத்தில் புது வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேலும் தந்தார்கள். செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அம்மாவின் காசு அந்த நெருப்புக்குள் பழைய வட்டியோடு குந்திக்கொண்டு இருந்தது. வைப்பை முறித்துப் புதிதாகப் போடச் சொன்னேன். முறித்தால் அதுவரைக்கும் சேர்ந்த வட்டியில் கொஞ்சம் குறையும், ஆனால் கணக்குப் பார்த்தால் இலாபம். அம்மா சொன்ன பதில்: "இடையில முறிச்சா பாங்க்காரர் என்ன நினைப்பினம்?"

பாங்க்காரர் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள். அவர்களாகக் கூப்பிட்டு ஒரு சொல் சொல்லவும் இல்லை. ஆப் என்றால் புது வட்டி வீதத்தை அன்றைக்கே திரையில் காட்டியிருக்கும். இந்த விசயத்தில் நான் சொன்னதுதான் சரி, இன்றைக்கும் சொல்வேன்.

அதற்கு அடுத்த வருடம் என்னுடைய முறை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு 87 பஸ்ஸில் ஊருக்குப் போனேன். புத்தளம் தாண்டித் தேத்தண்ணிக்கு நிப்பாட்டின இடத்தில் போன் போய்விட்டது. அடுத்த நாள் யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்கு ஸ்கான். அதற்கு 18,000 ரூபாய் கட்டவேண்டும். என்னுடைய காசு முழுக்க ஆப்பில். போன் இல்லாவிட்டால் ஆப் இல்லை, சிம் இல்லாவிட்டால் ஓ.ரி.பி. இல்லை. தம்பியின் போனில் இருந்து வங்கிக்கு எடுத்தேன். தமிழுக்குரிய இலக்கத்தை அழுத்தினேன், பாட்டுப் போனது, கடைசியில் ஆங்கிலத்தில் ஒருவர் வந்தார். நல்ல மனிசன், கணக்கை உடனே முடக்கினார். திரும்பத் திறக்கவேண்டும் என்றால் அடையாள அட்டையோடு கொழும்புக்கு நேரில் வரச் சொன்னார். கிளை இல்லாத வங்கிக்கு ஒரு கிளை கொழும்பில் இருந்தது!

ஸ்கானுக்கு அம்மாதான் கட்டினா. பாஸ் புக் உறைக்குள் நாலாய் மடித்து வைத்திருந்த 5,000 ரூபாய்த் தாள்கள் நாலை எடுத்து எண்ணித் தந்தா. "இது எந்த பாங்க்?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

வட்டி, வசதி எல்லாவற்றையும்விட எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரி இருக்கிறா. அவவின் கணவர் 2009இல் காணாமல் போனவர். அவருடைய பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு. காசு எடுக்கப் போனபோது மரணச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். அதை எடுத்தால் அவர் செத்துவிட்டார் என்று தானே எழுதிக் கொடுத்தமாதிரி என்று அவ எடுக்கவில்லை. இவர்களைப்போன்ற குடும்பங்களுக்காக 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனவர் என்று ஒரு தனிச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள். அதையும் அவ இன்னும் எடுக்கவில்லை. பத்து வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் கிடந்தால் கணக்கில் உள்ள காசு மத்திய வங்கிக்குப் போகும்; உரிமையை நிரூபித்துத் திரும்பக் கேட்கலாம். ஆனாலும் அந்தக் காசு இருக்கிறது என்றாவது அன்ரிக்குத் தெரியும், அலுமாரியில் புத்தகம் இருக்கிறது. எனக்கு நாளைக்கு ஏதும் நடந்தால்? என்னுடைய சேமிப்புக்குப் புத்தகம் இல்லை, கடிதம் இல்லை. பூட்டின போன் ஒன்று மட்டும்தான். அம்மாவுக்கு அந்த வங்கியின் பெயரே தெரியாது. இதை வாசிக்கிற நீங்களும் ஒருக்கால் யோசித்துப் பாருங்கள், உங்கள் கணக்குக்கு ஒரு நியமனதாரரின் பெயரைக் கொடுத்திருக்கிறீர்களா? நான் கொடுத்திருக்கவில்லை. கணக்குத் திறக்கிற பத்து நிமிடத்தில் அந்தக் கேள்வியைத் தாண்டி ஓடியிருக்கிறேன்.

ஆப்பில் போட்டால் காசு காற்றில் போய்விடும் என்ற அம்மாவின் பயத்தில் மட்டும் நியாயம் இல்லை. இங்கே நாங்கள் ஒன்லைன் பாங்க் என்று சொல்பவற்றின் பின்னால் பெரும்பாலும் ஏதோ ஒரு உரிமம் பெற்ற வங்கிதான் இருக்கும். ஃப்ரீமி நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கியினுடையது, அதுமாதிரி. அப்படியான வங்கியில் போட்ட வைப்பு என்றால், கிளையில் போட்டாலும் போனில் போட்டாலும், வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபாய் வரைக்கும்தான். தேசிய சேமிப்பு வங்கி மட்டும் தனி, அதற்கு அரச உத்தரவாதம் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே பார்க்கவேண்டியது ஆப்பின் நிறத்தை இல்லை, பின்னால் இருப்பது வங்கியா, வெறும் பணப்பையா என்பதைத்தான்.

வரி விசயத்தில் அம்மா என்னைவிட முன்னுக்கு நின்றா. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் பிடிக்கிற வரி 5 சதவீதத்தில் இருந்து 10 ஆனது. வருடத்துக்கு 18 இலட்சத்துக்குக் குறைவாக வருமானம் உள்ளவர்கள் ஒரு பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். அந்தப் படிவத்தைக் கிளையில் அம்மாவின் கையில் கொடுத்து, எங்கே என்ன எழுதுவது என்றும் காட்டியிருக்கிறார்கள். அதே கவுண்டர்தான்.

சரி, கையெழுத்து. லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். ஆப்பைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. கிளையில் கேட்டபோது, அடையாள அட்டையோடு வந்து புதிய மாதிரிக் கையெழுத்துக் கொடுக்கலாம் என்றார்கள். முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம். கேட்கத் தெரிந்தவருக்குத்தான் சொல்வார்கள்போல. அம்மா ஒற்றை ரூல் கொப்பி ஒன்று வாங்கினா. ஒரு கிழமை, பின்னேரம் தேத்தண்ணி குடித்த பிறகு, விறாந்தையில் இருந்து எழுதினா. முழுப் பெயரும் சரிவரவில்லை. கடைசியில் முதல் எழுத்தும் அதற்குக் கீழே ஒரு கோடும் என்று சுருக்கினா. நாற்பது தரம் எழுதினால் முப்பத்தைந்து ஒரேமாதிரி வந்தது. "காணும்" என்றா. அந்தக் கொப்பியில் சரி பிழை போட்டதும் அவதான், சிவப்புப் பேனையால்.

புதிய கையெழுத்தோடு 5,000 ரூபாய் எடுத்தா. தேவை ஒன்றும் இல்லை, எடுத்துப் பார்க்கத்தான். அதே வரவில் நியமனதாரராக என் பெயரையும் போட்டுவிட்டு வந்தோம். "நான் சாகப்போறன் எண்டு நினைக்கிறியோ" என்று கேட்டா. என்னுடையதில் அவவின் பெயரைப் போட்டுவிட்டதைக் காட்டினேன். அதற்கு வாய்க்கு வந்தபடி ஏசினா.

அன்று இரவு, தானாகவே போனைக் கொண்டுவந்து நீட்டினா. தன்னுடைய வங்கியின் ஆப்பைப் போட்டுத் தரட்டாம். காசு அனுப்ப இல்லை, மிச்சம் பார்க்க மட்டும். கடவுச்சொல் மறந்துபோகும் என்பதால் கைரேகை வைக்கச் சொன்னேன். வலது பெருவிரல் நடுங்கியதால் இரண்டு தரம் எடுக்கவில்லை. இடதை வைத்தா, திறந்தது.

"இதுவும் கைநாட்டுத்தானே" என்றா.

"ஓம்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு பாஸ் புக்கை எடுத்து வந்து, இரண்டிலும் ஒரே தொகைதான் இருக்கிறதா என்று சதம் வரைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினா.