ஓகில் பாபுவின் இங்கிலீஷ்

1909இல் வங்காளத்து ஓகில் சந்திர சென், பலாப்பழம் தின்ற வயிற்றோடு அகமத்பூர் ஸ்டேஷனில் ஒதுங்கப் போனார். ரயில் புறப்பட்டுவிட்டது. ஒரு கையில் செம்பும் மறுகையில் வேஷ்டியுமாக ஓடி விழுந்ததை சாகிப்கஞ்ச் ரயில்வே ஆபீசுக்கு எழுதினார். இங்கிலீஷ் படித்தவர்கள் அந்தக் கடிதத்தின் இலக்கணப் பிழைகளுக்குச் சிரிப்பார்கள். பிளாட்பாரத்தில் எல்லோர் முன்னும் அம்மணமான மனிதனின் அவமானம் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாகச் செங்கோட்டை போகும் எங்கள் ரயிலில் பெட்டிக்குள்ளேயே கக்கூஸ் உண்டு. சென்னை மின்சார ரயிலில் கிடையாது; ஸ்டேஷனில் பூட்டுத் தொங்கினால் ஆண்களுக்கு மதிலோரம். பாங்கில் பக்கத்து ஸீட்டு அம்மாள், சென்னைக் கிளையில் இருந்த வருஷங்களில் காலைக் காப்பியையே நிறுத்திவிட்டாராம். நம் நவீன எழுத்தில் உடம்பு என்றால் காமம்தான், மூத்திரப்பை கிடையாது.

"நீங்கள் எழுதுங்களேன்" என்றேன்.

"இதையெல்லாமா சார் எழுதுவாங்க?" என்றார்.