கஞ்சியும் நூலும்

மொடமொடவென்று கஞ்சி போட்டு இஸ்திரி பிடித்த எட்டு முழ வேட்டியைப் பார்த்தால் எனக்கு ஒரு தனி சந்தோஷம். உடுத்தியிருப்பவரைப் பற்றிய சந்தோஷம் அல்ல. அநேகமாக அவர் ஏதாவது ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளராக இருப்பார். வேட்டியின் நூல் குளுக்கோஸ். அதன்மேல் ஏறி நிற்கிற கஞ்சியும் குளுக்கோஸ். இரண்டையும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சர்க்கரைதான் மிஞ்சும். ஆனாலும் கஞ்சியைக் குடித்தால் பசி ஆறும். வேட்டி நுனியை வாரக்கணக்கில் மென்றாலும் அது நூலாகவேதான் இருக்கும்.

நான் வளர்ந்தது ஈரோட்டுப் பக்கம், தறிச் சத்தத்துக்கு நடுவே. கைத்தறிக்குப் பாவு ஏற்றுவதற்கு முன் அதற்குக் கஞ்சி போட்டாக வேண்டும். தறியில் அச்சிலும் விழுதிலும் ஓயாமல் உரசுகிற நூல், கஞ்சி இல்லாவிட்டால் பஞ்சு எழும்பி அறுந்துபோகும். வெயில் ஏறுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டிவிடுவார்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாக நின்று, கஞ்சியைத் தெளித்து, நாரால் கட்டிய நீளமான பிரஷ்ஷால் ஒரே திசையில் நீவிக்கொண்டே நடப்பார்கள். கஞ்சியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்திருக்கும். காய்ந்த பிறகு நூல் விறைத்து ஒடியாமல் இருக்க அது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா கஞ்சியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு, “கெட்டியா இருந்தா நூலு ஒடியும் கண்ணு, தண்ணியா இருந்தா பஞ்சு எந்திரிக்கும்” என்பார். விஸ்காசிட்டி என்று பின்னாளில் பாடப்புத்தகம் சொன்னதை அவர் விரல் எப்போதோ படித்துவிட்டிருந்தது.

கஞ்சி எப்படிக் கஞ்சியாகிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜவ்வரிசி வேகிற பாத்திரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கலாம். சேலத்து மரவள்ளி மாவை உருட்டிச் செய்த மணி அது; வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒளி புகாமல் இருக்கும். வெந்நீரில் விழுந்ததும் ஓரத்திலிருந்து கண்ணாடியாகத் தொடங்கும். வெண்மை உள்ளே உள்ளே ஒடுங்கிக்கொண்டே போய், நடுவில் ஒரு புள்ளியாக நிற்கும். அதுவும் மறைந்தால் வெந்துவிட்டது. மாவுக்குள் சர்க்கரைச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுப் பொடிப்பொடி மணிகளாக இருக்கின்றன. பச்சைத் தண்ணீர் அந்த அடுக்குக்குள் நுழைய முடியாது. 60, 70 டிகிரி சூடு வந்தால் அடுக்கு தளர்கிறது, தண்ணீர் புகுகிறது, மணி ஊதிக் குழைகிறது. வெண்மை மறைகிற அந்த எல்லைக்கோடுதான் தண்ணீர் எதுவரை போயிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆறினால் சங்கிலிகள் மறுபடி ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றன. ராத்திரிச் சோறு காலையில் விறைத்திருப்பது அதனால்தான். அப்படி மீண்டும் சேர்ந்துகொண்ட மாவில் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் தப்பிப் பெருங்குடலுக்குப் போய், அங்கிருக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. பழைய சோற்றுக்கு இப்போது கிடைத்திருக்கும் புதுப் புகழில் இவ்வளவு உண்மை. அதையே சர்க்கரை நோய்க்கு மருந்து என்று ஃபார்வர்டு செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தண்ணீரில் இருக்கிற அதே விகிதத்தில் இருப்பதால், கார்பனும் தண்ணீரும் சேர்ந்தது என்றே இந்தக் குடும்பத்துக்குக் கார்போஹைட்ரேட் என்று பெயர் வைத்தார்கள். முகவையில் சர்க்கரையைப் போட்டு அடர் கந்தக அமிலத்தை ஊற்றுகிற வாத்தியார் வாய்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். சர்க்கரை முதலில் மஞ்சளாகும், பிறகு காப்பி நிறமாகும், திடீரென்று ஆவி சீறிக்கொண்டு ஒரு கரித்தூண் முகவைக்கு வெளியே எழும்பி நிற்கும். அமிலம் தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது, மிச்சம் கரி.

ஆனால் எத்தனை அணு என்று எண்ணிவிட்டால் போதாது. அதே அணுக்களை அதே வரிசையில் வைத்து, கார்பனிலிருந்து நீளும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கைகளை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பினால் 16 விதமான சர்க்கரைகள் வரும். அவற்றில் குளுக்கோஸ் எது, மன்னோஸ் எது, காலக்டோஸ் எது என்று அடையாளம் கண்டு அடுக்கிவைத்தவர் ஜெர்மனியின் எமில் ஃபிஷர். மூலக்கூறைக் கண்ணால் காட்டும் கருவி எதுவும் அப்போது இல்லை. சர்க்கரைகளைப் பிற பொருள்களோடு வினைபுரியவைத்து, கிடைத்த படிகங்களை ஒப்பிட்டு, தர்க்கத்தை மட்டும் நம்பி 1891-ல் அதைச் சொன்னார். 1902-ல் நோபல் பரிசு வந்தது. அவர் பயன்படுத்திய ஃபினைல்ஹைட்ரசீன் அவர் உடம்பைக் கெடுத்தும் விட்டது.

குளுக்கோஸ் பெரும்பாலும் வளையமாகத்தான் இருக்கும். வளையத்தின் முதல் கார்பனில் இருக்கிற கைக்கு ஒரு விசேஷம் உண்டு. தண்ணீரில் தனியாக இருக்கும்வரை அது மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் குளுக்கோஸின் நான்காவது கார்பனோடு பிணைந்துவிட்டால், அந்த நேரத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும். பிணையும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று போகிறது. கீழ்நோக்கி நின்றால் ஆல்பா பிணைப்பு. மேல்நோக்கி நின்றால் பீட்டா. சோற்றுக்கும் வேட்டிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், வேறொன்றும் இல்லை.

ஆல்பா பிணைப்பில் ஒவ்வொரு குளுக்கோஸும் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் சங்கிலி மெல்ல வளைந்து சுருளாகிறது. மாவில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாவது, அந்தச் சுருளின் துளைக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்வதால். பீட்டா பிணைப்பில் அப்படி நிற்க இடமில்லை. பூக்கட்டுகிறவர் ஒரு பூவை இந்தப் பக்கமும் அடுத்ததை அந்தப் பக்கமும் திருப்பி வைப்பதுபோல, ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பிக்கொள்ள வேண்டும். அதனால் சங்கிலி வளையாமல் நேராக ஓடுகிறது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கொண்ட நேர்ச்சங்கிலிகள் பக்கம் பக்கமாகப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. அதுதான் செல்லுலோஸ். பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே. அந்த இறுக்கத்துக்குள் தண்ணீர் போக முடியாததால்தான் வேட்டியை எத்தனை முறை துவைத்தாலும் கரைவதில்லை. கஞ்சி மட்டும் கரைந்து போகிறது.

கஞ்சி நூலில் ஒட்டுவதும் அதே ஹைட்ரஜன் பிணைப்பால்தான். இரண்டு பக்கமும் ஒரே விதமான கைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் பிடிப்பு எளிது. பாலியெஸ்டர் கலந்த வேட்டியில் கஞ்சி சரியாக நிற்பதில்லை என்று சலவைக்காரர் குறைபடுவது வெறும் புலம்பல் அல்ல. பாலியெஸ்டருக்கு அந்தக் கைகள் கிடையாது.

நெய்து முடித்த துணிக்குச் சாயம் ஏற வேண்டுமானால் பாவில் போட்ட கஞ்சியை எடுத்தாக வேண்டும். மில்களில் அதற்கு அமைலேஸ் என்ற என்சைமைப் பயன்படுத்துகிறார்கள். நம் எச்சிலில் இருப்பதும் அதே வகைதான். மில்லுக்கு வருவது பாக்டீரியாவிலிருந்து எடுத்தது, சூடு தாங்கும். சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் இனிக்கத் தொடங்குவது எச்சில் அமைலேஸின் வேலை. பிணையும்போது கழன்று போன தண்ணீர் மூலக்கூறைத் திரும்ப நுழைத்து அது சங்கிலியை வெட்டுகிறது. வாயில் வெட்டுகிறது, துணியில் வெட்டுகிறது. ஆனால் ஆல்பாவை மட்டும்தான். பீட்டா பிணைப்பு அதன் பிடிக்கு அடங்காது. அதனால்தான் கஞ்சியைத் தின்று தீர்க்கிற என்சைம் தொட்டியில் துணியைத் தைரியமாக ஊறப்போட முடிகிறது. ஒரு நூல்கூடச் சேதமாகாது. கஞ்சி முழுக்கப் போயிற்றா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின். நீலம் வந்தால் இன்னும் இருக்கிறது. கழுவிய தண்ணீரை அப்படியே விட்டால் ஆற்றுக்குக் கேடு. நஞ்சு எதுவும் வேண்டாம், அந்தச் சர்க்கரையே போதும். நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகி, நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் காலி செய்துவிடும்.

நூலும் கஞ்சியும் இரண்டுமே சாப்பாடாகிற ஒரு பிராணி நம் தெருவிலேயே உண்டு. சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரை உரித்துத் தின்கிற மாடு. போஸ்டரின் காகிதம் செல்லுலோஸ், ஒட்டிய மைதா பசை மாவுச்சத்து. அதன் அசைபோடும் வயிற்றில் வாழ்கிற நுண்ணுயிர்களிடம் பீட்டா பிணைப்பை வெட்டும் என்சைம் இருக்கிறது. ஆனால் அவை வெட்டி எடுக்கிற குளுக்கோஸை மாட்டுக்குத் தருவதில்லை. தாங்களே தின்றுவிட்டு அசெட்டிக், புரொப்பியானிக் போன்ற அமிலங்களைத்தான் வெளியே விடுகின்றன. புரொப்பியானிக் அமிலத்திலிருந்து மாட்டின் ஈரல் மறுபடி குளுக்கோஸ் செய்கிறது. அதில் கொஞ்சம் மடியில் காலக்டோஸாக மாறி, இன்னொரு குளுக்கோஸோடு சேர்ந்து பால்சர்க்கரை ஆகிறது. போஸ்டர் காப்பியில் வந்து சேர்கிற வழி இது. அச்சு மையும் கூடவே உள்ளே போகிறது என்பதால் இதை யாரும் தீவனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நமக்கு ஈரல் வேறு விதமாக உதவுகிறது. ஓர் ஆளுக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம். வெறும் வயிற்றில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் உடம்பிலுள்ள மொத்த ரத்தத்திலும் 5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, ஒரு டீஸ்பூன். ஒரு தட்டுச் சோற்றில் மட்டும் 50, 60 கிராம் மாவுச்சத்து. மூளையோ ஒரு நாளைக்கு 120 கிராம் வரை கேட்கும். ரத்தத்தில் அந்த ஒரு டீஸ்பூன் ஏறாமலும் இறங்காமலும் நிற்க வேண்டும் என்றால் வந்ததை உடனே எங்காவது எடுத்துவைக்க வேண்டும். பிறகு கேட்கும்போது தர வேண்டும். அந்த இடம் எது என்று கண்டுபிடித்தவர் பாரிஸில் இருந்த கிளாட் பெர்னார்ட். ஒரு ஈரலை எடுத்து, அதன் ரத்தக்குழாய் வழியாகத் தண்ணீரை விட்டு, சர்க்கரை துளியும் இல்லாதபடி கழுவிவிட்டார். மறுநாள் பார்த்தால் அதே ஈரலில் மறுபடி சர்க்கரை. உள்ளே வேறு ஏதோ பொருள் இருந்துகொண்டு சர்க்கரையாக மாறுகிறது என்று தெரிந்தது. கிளைகோஜன் என்ற அந்தப் பொருளை 1857-ல் பிரித்தெடுத்தார்.

கிளைகோஜனும் ஆல்பா சங்கிலிதான், அரிசி மாவைவிடக் கிளைகள் மிக நெருக்கம். தனித்தனிக் குளுக்கோஸாகவே வைத்திருந்தால் அவ்வளவும் தண்ணீரை இழுத்து ஈரல் செல் வீங்கிவிடும். சங்கிலியாக்கினால் அந்தத் தொல்லை குறைகிறது. கிளைகள் அதிகம் என்றால் நுனிகளும் அதிகம். என்சைம்கள் நுனியிலிருந்துதான் கழற்றும் என்பதால், அவசரத்துக்கு ஆயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். நாய் துரத்தும்போது ஓடுகிற காலுக்கு இது முக்கியம். ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 400 கிராம் வரை கிளைகோஜன் இருக்கும். சேமித்த ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கும். பேலியோ தொடங்கி சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று என் நண்பர்கள் தராசைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். நான் வாழ்த்துச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

இவ்வளவையும் வைத்துச் சர்க்கரை என்றால் எரிபொருள் இல்லையென்றால் கட்டுமானம் என்று முடித்துவிடலாம்தான். ரத்த வகை விடாது. சிவப்பணுவின் மேற்பரப்பில் சின்னச் சின்னச் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நுனியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை சேர்ந்த நிலைக்கு எச் என்று பெயர்; அதோடு நின்றால் ரத்தம் ஓ வகை. அதற்கு மேல் ஒரு காலக்டோஸ் ஒட்டினால் பி. அதே இடத்தில், ஒரு கையில் மட்டும் நைட்ரஜன் சேர்ந்த குழுவுடன் வருகிற காலக்டோஸ் ஒட்டினால் ஏ. இரண்டும் இருந்தால் ஏபி. ஏ, பி என்று எதைச் சேர்ப்பது என முடிவுசெய்கிற என்சைம்கள் இரண்டுக்கும் இடையே நான்கே அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். இந்த வித்தியாசத்துக்குத்தான் உடம்பு அந்நிய ரத்தத்தைக் கண்டுகொண்டு அதன் அணுக்களைச் சிதைத்து ஆளையே கொல்கிற அளவுக்குப் போகிறது.

1952-ல் பம்பாயில் மருத்துவர் பெண்டேயும் அவருடன் பணியாற்றியவர்களும் பாம்பே வகை என்று இப்போது அழைக்கப்படும் ஒரு புது ரத்தத்தை விவரித்தார்கள். அதில் ஏ இல்லை, பி இல்லை, எல்லாருக்கும் பொதுவான அந்த ஃபியூகோஸும் இல்லை. சாதாரணப் பரிசோதனையில் அது ஓ என்றே காட்டும். ஆனால் ஓ ரத்தத்தைக் கொடுத்தால், அதிலிருக்கும் எச்சை அந்த உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்ளும். பாம்பே வகைக்காரருக்கு இன்னொரு பாம்பே வகைக்காரர்தான் ரத்தம் தர முடியும். ரத்தம் ஏற்றுவதற்கு முன் இரண்டு ரத்தத்தையும் கலந்து பொருத்தம் பார்க்கிற சோதனையைத் தவறாமல் செய்தால் இவர்கள் பிடிபடுவார்கள்.