“இரும்பு உங்களுக்கா, எங்களுக்காம்மா?”

காத்திவாக்கத்தில் இரும்புக்கு ஆயுசு கம்மி. ஒரு பக்கம் கடல், கொஞ்சம் தள்ளி கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம். உப்புக் காற்றில் ஆங்கிள் துருப்பிடிக்கும், போல்ட் இறுகிப்போகும், மொட்டை மாடியில் போட்ட ஷெட் ஆட ஆரம்பிக்கும். மழைக்காலம் நெருங்கினால் “புயலுக்கு முன்னாடி அதைப் பிரிச்சுடணும்” என்ற பேச்சு வீட்டில் கிளம்பிவிடும்.

மேஸ்திரி வருவார், அண்ணாந்து பார்ப்பார். அவருடைய முதல் கேள்வி அநேகமாக இதுதான்: “இரும்பு உங்களுக்கா, எங்களுக்காம்மா?”

அதில்தான் மொத்தப் பேரமும் இருக்கிறது. பழைய ஆங்கிளும் பைப்பும் அவருக்கென்றால் கூலி குறையும், வீட்டுக்காரருக்கென்றால் கூடும். அதனால் காயலான் கடையில் அன்றைய ரேட்டை விசாரித்துவிட்டுப் பேச உட்காருவது நல்லது. குப்பையை ஏற்றும் குட்டியானை வாடகை யாருடையது என்பதையும் அப்போதே முடித்துவிட வேண்டும். பக்கத்து வீட்டோடு ஒட்டிய தகர வேலியும் போகிறதென்றால், எல்லைக்கல் எங்கே என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் பின்னால் சண்டை வராது.

இவ்வளவும் பேசுகிற வீடுகளில்கூட ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை. மேலே ஏறப்போகிற அந்தத் தம்பி எங்கே காலை வைப்பார்?

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பார்வைக்குக் கல் மாதிரி இருக்கும். வெயிலும் மழையும் பட்டுப் பழசானது ஆள் எடையைத் தாங்காது. நடுவில் கால் வைத்தால் நொறுங்கி, ஆள் நேராகக் கீழேதான். கீழே சாரம் கட்டி வேலை பார்க்கலாம். மேலே ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அரை நாள் கூலி கூடுதலாகும், ஆகட்டும். ஷெட்டுக்குப் போகும் கரன்ட்டை மெயினிலேயே நிறுத்துவது வீட்டுக்காரர் பொறுப்பு.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. பழைய சிமென்ட் ஷீட்டுகளில் கலந்திருப்பது கல்நார். சுத்தியலால் அடித்தால் அதன் நுண்ணிய நார்கள் தூசியோடு பறந்து நுரையீரலில் தங்கிவிடும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் வெளியே தெரியப் பல பத்தாண்டுகள் ஆகலாம். கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவேட்டைக் குறைந்தது 40 வருடம் பாதுகாக்க வேண்டும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாடியில் தினக்கூலிக்கு அதே ஷீட்டை உடைப்பவருக்குப் பதிவேடு எங்கே இருக்கிறது?

அதனால் உடைக்கச் சொல்லாதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். போல்ட் துருவேறி வரவில்லையென்றால் போல்ட்டை அறுக்கலாம், ஷீட்டை அறுக்கக் கூடாது. மூக்கில் கட்டும் துண்டு எதற்கும் உதவாது. என்-95 மாஸ்க்கும் முழுப் பாதுகாப்பு இல்லைதான், துண்டுக்கு அது எவ்வளவோ மேல். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகளை அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அப்படியே, வேலைக்கு வந்தவரிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேளுங்கள். இடிப்பு வேலையும் கட்டுமான வேலைதான் என்பது பலருக்குத் தெரியாது.

இறக்கிய ஷீட்டைக் கோழிக்கூண்டுக்கும் குளியலறை மறைப்புக்கும் வைத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே உண்டு. மிச்சம் ராத்திரியோடு ராத்திரியாகக் கழிமுக ஓரம் போய்ச் சேரும். மீனும் இறாலும் வளர்கிற இடம் அது. நகராட்சியாக இருந்த காத்திவாக்கம் 2011-லேயே சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டு, இடிபாட்டை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று கேட்கலாம். செங்கல், காரையோடு கலக்காமல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இத்தனை இருக்கிறது என்று தனியாகச் சொல்லுங்கள். மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்கும் முன்பே இந்தப் போனைப் போட்டுவிடுவது உத்தமம்.