‘சோல்பே’ என்றால் போதுமா?

வங்காளிகளின் பேச்சில் ‘சோல்பே’ என்ற சொல் அடிக்கடி வரும். ‘ஓடும்’ என்பது அதன் ஒரு பொருள். ‘பரவாயில்லை, சமாளித்துக்கொள்ளலாம்’ என்பது இன்னொரு பொருள். கொல்கத்தாவில் பழைய எந்திரம் விற்கும் இடங்களில் இந்த இரண்டு பொருள்களுக்கும் இடையே அதிக தூரம் கிடையாது.

எந்த எந்திரத்தையும் எளிதில் சாகவிடாத நகரம் இது. ஹிந்த்மோட்டாரில் அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது. அதற்குப் பிறகும் மஞ்சள் டாக்சிகள் பல ஆண்டுகள் ஓடின. மல்லிக் பஜாரின் பழைய பாகங்களும், அவற்றைப் பொருத்தத் தெரிந்த கைகளும்தான் காரணம். பாகம் கிடைக்கவில்லையா? ஆற்றைக் கடந்து ஹௌராவுக்குப் போனால் பெலிலியஸ் சாலையின் லேத் பட்டறைகளில் கடைந்து வாங்கிவிடலாம். பெருமைப்படவேண்டிய திறமை. ஆனால் சங்கிலி ரம்பம் என்று வரும்போது இதே திறமை ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறது.

மரம் அறுக்கும் மெஷின் என்று நம் ஊர்களில் சொல்லப்படும் இந்தக் கருவியின் அருமையை கொல்கத்தா உணர்ந்தது 2020 மே 20-ம் தேதி. அன்று மாலை ஆம்பன் புயல் தாக்கியபோது டம்டம்மில் காற்றின் வேகம் மணிக்கு 130 கி.மீ.யைத் தாண்டியது. நகரில் 5,000-க்கும் மேற்பட்ட மரங்கள் மின்கம்பிகள் மீதும் கார்கள் மீதும் வாசல்களுக்குக் குறுக்கேயும் விழுந்தன. கொரோனா ஊரடங்கு வேறு. மாநகராட்சியின் ஆட்களும் கருவிகளும் போதவில்லை. மூன்று நாள் கழித்து ராணுவம் இறங்கியது. ஒடிஷாவிலிருந்தும் மீட்புக் குழுக்கள் வந்தன. லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு ரவீந்திர சரோபரின் கரையில் சாய்ந்து கிடந்த மரங்கள் நினைவிருக்கும்.

அவசரத்துக்கு வாங்கும் எந்திரம், அவசரம் தீர்ந்ததும் கோணிக்குள் போகும். டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை யாரும் வடிப்பதில்லை. சில வருடங்கள் கழித்து அது கைமாறும்போது, “தாதா, பிளக்கை மாற்றினால் சோல்பே” என்பதுதான் பேரத்தின் முதல் வரி.

பிளக்கை மாற்றினால் ஓடவும் கூடும். ஆனால் எந்திரத்தின் உண்மை நிலையைச் சொல்வது பிளக் அல்ல, பிஸ்டன். சைலன்சரின் திருகுகளைக் கழற்றிவிட்டு, புகை வெளியேறும் துவாரம் வழியாக டார்ச் அடித்தால் பிஸ்டனின் பக்கவாட்டைப் பார்க்கலாம். வழவழப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல்கள் தெரிந்தால், யாரோ ஆயில் கலக்காமல் ஓட்டியிருக்கிறார்கள் அல்லது எங்கோ காற்று கசிகிறது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் அதற்கு உயிர். இப்போதைய ஆயில்களுக்குப் பொதுவாக லிட்டருக்கு 20 மில்லி. அது இல்லாவிட்டால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த எதிரி எரிபொருளேதான். 2025-ல் இந்தியாவின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரைக் கெடுக்கும். ரம்பத்தை எப்படிச் சாய்த்தாலும் எஞ்சின் ஓடுவதற்காக, இதன் கார்புரேட்டரில் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அது விறைத்துப்போனால் ரம்பம் ஸ்டார்ட் ஆகும், வேகம் எடுக்காது. பெட்ரோல் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும் காற்று கலந்து எஞ்சின் சூடாகும். ஆகவே பழைய ரம்பத்தைப் புதுப்பிப்பவர் முதலில் மாற்றவேண்டியவை சவ்வு, குழாய், ஃபில்டர், கிராங்கின் இரண்டு சீல்கள். எல்லாமே சிறு பாகங்கள். வேலை முடிந்ததும் டேங்கைக் காலியாக வைப்பதற்குச் செலவே இல்லை.

இதுவரை எல்லாம் பட்டறையின் கை அறிந்த வேலை. இதற்குப் பிறகுதான் ஆசை தலைதூக்குகிறது: “இன்னும் கொஞ்சம் பவர் ஏற்றினால் என்ன?”

சைலன்சரின் துவாரத்தைப் பெரிதாக்கினால் சற்றே சக்தி கூடும். கூடவே சத்தமும் கூடும். கார்புரேட்டரை மறுபடி சரிசெய்யாவிட்டால் பிஸ்டன் கருகும். எஞ்சினுக்குத் தகாத நீளத்தில் பார் போட்டால் பெரிய மரத்தை அறுக்கலாம்தான். ஆனால் சங்கிலியின் நுனிக்கு ஆயில் போதாது, கிளட்ச் சூடாகும். ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கு முன்னாலும் சிறு மேடு ஒன்று உண்டு. பல் மரத்தை எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் கட்டுப்படுத்துகிறது. அதை அரத்தால் அளவுக்கு மீறித் தேய்த்தால் ரம்பம் வெறிகொண்டதுபோல் கடிக்கும். பார்ப்பவர்கள் அதைக் கூர்மை என்று நினைப்பார்கள். உண்மையில் கூடியிருப்பது ரம்பம் துள்ளும் ஆபத்து.

துள்ளல் என்பது சாதாரண விஷயமல்ல. முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்றுகளைத் தாண்டும். சங்கிலி நொடிக்கு சுமார் 20 மீட்டர் ஓடும், அதாவது மணிக்கு 70 கி.மீ.க்கு மேல். பாரின் நுனியில் மேல்பகுதி எதிர்பாராமல் ஒரு கிளையைத் தொட்டால், ரம்பம் சட்டென்று மேலெழும்பி, பிடித்திருப்பவரின் முகத்தையும் தோளையும் நோக்கித் திரும்பும். கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் காரியம்.

அதற்காகத்தான் பிரேக். முன் கைப்பிடிக்கு எதிரே உள்ள தடுப்பு, மணிக்கட்டு பட்டோ துள்ளலின் உதறலிலோ முன்னால் சாய்ந்தால், கிளட்ச் டிரம்மை ஒரு எஃகுப் பட்டை இறுக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும்.

இந்தப் பாகம் சும்மா வந்துவிடவில்லை. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் மின் ரம்பம் செய்தார். 1929-ல் பெட்ரோல் ரம்பம் செய்தார். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். 1946-ல் அமெரிக்க மரவெட்டி ஜோசப் காக்ஸ், மரத்தைக் குடைந்து தின்னும் புழுவின் தாடைகளைக் கவனித்து, இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவத்தைக் கண்டார். அதுவரை நடந்தது சக்தியின் வளர்ச்சி. 1960-களில் கை நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் அதிர்வைக் குறைக்கும் ரப்பர்கள் வந்தன. 1970-களில் பிரேக் வந்தது. இது மனிதனைப் பற்றிய அக்கறையின் வளர்ச்சி. பிரேக்கைக் கழற்றிய ரம்பம், எவ்வளவு நன்றாக ஓடினாலும், 50 ஆண்டுகள் பின்னால் போய்விட்ட எந்திரம்தான்.

பழைய ரம்பங்களில் முதலில் காணாமல் போவது இந்தப் பாகம். கீழே விழுந்தால் தடுப்பு உடைகிறது. மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து பட்டையை இறுக்கிவிட்டால், எரிச்சலில் யாரோ கழற்றி வைக்கிறார்கள். எஞ்சினுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. விலையும் எஞ்சினுக்குத்தானே? பிரேக் இல்லாத அம்பாசடரை மல்லிக் பஜாரில் யாரும் வாங்கமாட்டார்கள். பிரேக் இல்லாத ரம்பம் விற்றுப்போகிறது.

ஏன்? அம்பாசடரை வாங்குபவர் அதில் உட்காரப்போகிறவர். ரம்பத்தை வாங்குபவர் பெரும்பாலும் அதைப் பிடிக்கப்போகிறவர் அல்ல. வாங்குவது கான்ட்ராக்டர் அல்லது தோட்டத்துக்காரர். பிடிப்பது தினக்கூலிக்கு வரும் ஒரு ஆள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு, சில சமயம் மரத்தின் மேலே ஏறி நின்று. எஞ்சின் நின்றுவிட்டால் நஷ்டம் முதலாளிக்கு. சங்கிலி நிற்காவிட்டால் நஷ்டம் கூலியாளுக்கு. எந்தப் பழுதை முதலில் பார்ப்பது என்பதை முடிவு செய்கிறவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

மரத்துக்கு மட்டும் சட்டம் இருக்கிறது. காட்டுக்கு வெளியே உள்ள மரங்களைக் காக்க மேற்கு வங்கம் 2006-ல் ஒரு சட்டம் இயற்றியது. வெட்டுவதற்கு முன் அனுமதி வாங்கவேண்டும். பிலிப்பைன்ஸில் 2002-ம் ஆண்டு சட்டப்படி ரம்பத்தையே பதிவு செய்யவேண்டும். இரண்டிலும் அக்கறை மரத்தின்மீதுதான். ரம்பம் பிடிக்கும் கையைப் பட்டறை பார்த்துக்கொண்டால்தான் உண்டு.

அது கடினமும் அல்ல. பவர் ஏற்றச் செலவழிக்கும் பணத்தை வேறு விதமாகச் செலவழித்தால் போதும்: புதிய பிரேக் பட்டை, புதிய தடுப்பு, துள்ளலைக் குறைக்கும்படி வடிவமைத்த சங்கிலி, அதிர்வைத் தாங்கும் புதிய ரப்பர்கள். அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கியும், ஆக்சிலேட்டர் தானாக அழுந்தாமல் தடுக்கும் பூட்டும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். இவையும் எந்திரத்தை மாற்றி அமைப்பதுதான். இதற்குப் பட்டறையில் மவுசு குறைவு, அவ்வளவே.

பிரேக்கைச் சோதிக்க மெக்கானிக் கூட வேண்டியதில்லை. ரம்பத்தைத் தரையில் அழுத்தி உறுதியாகப் பிடித்துக்கொண்டு, சங்கிலி எதிலும் படாதபடி வேகம் கொடுத்து, இடது கையை எடுக்காமலே மணிக்கட்டால் தடுப்பை முன்னால் தள்ளவேண்டும். சங்கிலி அந்தக் கணமே நிற்கவேண்டும். நின்றால், அப்போது பேரம் பேசலாம். நிற்காவிட்டால், விற்பவர் எத்தனை முறை ‘சோல்பே’ என்றாலும் அந்த ரம்பம் இன்னும் பழுதாகத்தான் இருக்கிறது.