போய் வருகிறோம்

கரம்பொன்னில் எங்கள் வீட்டுப் படலையிலிருந்து பாலர் பள்ளி கூப்பிடு தூரந்தான். அத்தூரத்தை அழாமல் கடக்க எங்கள் பேரனுக்கு ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. குற்றம் அவனுடையதன்று, எங்களுடையது.

மகளும் மருமகனும் நாள்தோறும் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குச் செல்பவர்கள். ஆதலால், மூன்று வயது நிரம்பிய பிள்ளையைப் பள்ளியில் விடும் பொறுப்பு முதியவர்களாகிய எங்கள் இருவரையும் சேர்ந்தது. முதல் நாள் அவன் மரக்கட்டைகளை அடுக்குவதில் தன்னை மறந்திருந்தான். அச்சமயம் பார்த்துப் பூனைபோல் நழுவி வந்துவிட்டோம். அழவிடாமல் வந்தோமென்ற பெருமை வேறு!

அன்று முதல் அவன் எங்களைக் கண்ணைவிட்டு அகலவிடவில்லை. அம்மம்மா கிணற்றடிக்குப் போனாலும் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி வந்தான். இரவில் திடுக்கிட்டு விழித்து, அருகில் ஆள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். விட்டிருந்த பாய் நனைக்கும் பழக்கமும் மீண்டது. அவன் பள்ளிக்கு அஞ்சவில்லை. எந்த நொடியில் நாங்கள் மறைந்துபோவோமோ என்றே அஞ்சினான்.

இதைக் கண்ட மகள் ஒரு மாலை மெல்லச் சொன்னாள்: "அம்மா, என்னிடமும் இரண்டு நாளில் திரும்பி வருவோம் என்றுதானே சொன்னீர்கள்?"

எங்களுக்குப் பேச்செழவில்லை. 1990 ஆகஸ்டில் போர் தீவகத்துக்கு வந்தபோது ஊரைவிட்டு ஓடினோம். அவளுக்கு அப்போது நான்கு வயது. கன்றுக்குட்டியை விட்டு வரமாட்டேன் என்று அழுதவளை அப்படிச் சொல்லித்தான் தூக்கிச் சென்றோம். திரும்பி வரப் பல ஆண்டுகள் சென்றன. அச்சொல்லை நாங்கள் மறந்தோம், அவள் மறக்கவில்லை. அன்று உண்மை எங்களுக்கே தெரியாது. இன்று தெரிந்தும் மறைத்தோமே!

மறுநாளே வழியை மாற்றினோம். முதற் கிழமை எங்களில் ஒருவர் பள்ளி விறாந்தையில் அமர்ந்திருந்தோம். பின்னர் அந்த நேரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம். புறப்படும்போது அவன் முகத்தைப் பார்த்து விடைபெற்றோம். பன்னிரண்டு மணி என்றால் மூன்று வயதுக்கு விளங்காது. "பாட்டுப் பாடி, சாப்பிட்டு, கை கழுவியதும் நாங்கள் வாசலில் நிற்போம்" என்றால் விளங்கும். சொன்னபடியே நின்றோம், மழையிலும் நின்றோம். அவன் அழுதபோது அதட்டவில்லை. தாயின் பழஞ்சேலைத் துண்டொன்றைப் பையில் வைத்துவிட்டோம். சில கிழமைகளில் அதைத் தேடுவதையே விட்டுவிட்டான்.

ஜெர்மனியில் 1837இல் சிறுவர் பள்ளி தொடங்கிய புரோபெல், பின்னர் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயரிட்டார். ரோமாபுரியில் 1907இல் மரியா மொண்டிசோரி திறந்தது 'குழந்தைகளின் இல்லம்'. தோட்டமென்றும் இல்லமென்றும் அறிஞர் அழைத்த இடத்தில், நாமோ முதல் நாளே எழுத்தையும் எண்ணையும் எதிர்பார்க்கிறோம். போனவர் திரும்பி வருவர் என்பதே அங்கே பிள்ளை கற்க வேண்டிய முதற் பாடம். அதைக் கற்பிக்க வேண்டியவர் ஆசிரியையல்லர்; நாமே.

விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்வது நம் வழக்கமன்று; 'போய் வருகிறேன்' என்கிறோம். பெற்றோரே, அதைச் சொல்லாமல் நழுவாதீர்கள், சொன்னபின் தவறாதீர்கள்.

இப்போதெல்லாம் பள்ளி வாசலில் எங்கள் கையை முதலில் விடுபவன் அவன்தான். திரும்பிப் பார்த்து, "போட்டு வாறன்" என்கிறான்.