எல்லையில் கிடங்கு விற்பவர்

கொழிஞ்சாம்பாறையில் நெல் அறுக்கும் சிறு உழவர் பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், கோயம்புத்தூரைப் பார்த்தபடி வாழ்கிறார். வண்டன்மேட்டில் ஏலக்காய் எடுக்கும் சிறு தோட்டக்காரர் இடுக்கியின் விளிம்பில், தேனியைப் பார்த்தபடி வாழ்கிறார். இவ்விரு ஊர்களுக்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. ஆயினும் இருவருக்கும் பொதுவான நெருக்கடி ஒன்று இருக்கிறது: விளைந்ததை வைக்க இடமில்லையென்றால் அன்றைய விலைக்கே விற்றாக வேண்டும். ஆகவே இங்கே தகர ஷெட் செய்து விற்கும் சிறுதொழிலைத் தொடங்குபவர் இரும்போடு சேர்த்து, காத்திருக்கும் உரிமையையும் விற்கிறார்.

அந்த உரிமையின் மதிப்பை ஏலக்காய் விலையே காட்டும். 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்கும் அதையடுத்த வறட்சிக்கும் பிறகு விளைச்சல் சுருங்கியது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்சவிலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. காத்திருப்பு எப்போதும் இலாபம் தராது என்பதற்கும் இதுவே சான்று. ஆனால் விற்பதா, வைப்பதா என்று முடிவுசெய்யும் நிலையாவது இடமுள்ளவருக்குக் கிடைக்கிறது.

சேமிப்பிடத்துக்குத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. மண்ணால் ஆனது குதிர். மரத்தால் ஆனது பத்தாயம், இச்சொல்லை மலையாளமும் அறியும். 'கிடங்கு' கடல் கடந்து மலாயில் 'குடாங்' ஆனது என்றும், ஐரோப்பியர் வாயில் உருமாறிக் 'குடோன்' என்று திரும்பியது என்றும் கருதுவோர் உண்டு. இன்று எல்லையின் இருபுறமும் 'ஷெட்' என்றால் போதும். சொல் எளிதாகிவிட்டது, பொருள் எளிதாகவில்லை. மண்ணும் மரமும் ஈரத்தை ஓரளவு வாங்கி விடும். தகரமோ பகலில் கொதித்து, இரவில் குளிர்ந்து, உட்புறம் வியர்த்துச் சொட்டும்.

நெல்லை நெடுநாள் வைக்க ஈரப்பதம் சுமார் 14 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஏலக்காயை ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு வரை உலர்த்தி, கறுப்புப் பாலித்தீன் உள்ளுறையிட்ட சாக்கில் கட்டி, ஒளியும் ஈரமும் படாமல் வைத்தால்தான் பச்சை நிறம் நிற்கும். பாலக்காட்டுக் கணவாயின் வெயிலுக்குக் காற்றுப்போக்கும் வெப்பத்தடுப்பும் முதன்மை. மூடுபனி இறங்கும் ஏலமலைக்கு உயர்த்திய தளமும் இறுக்கமான கதவும் முதன்மை. ஒரே அச்சில் வார்த்த ஷெட்டை இரு மண்ணிலும் விற்பவர், ஒரு மழைக்காலத்துக்குள் நற்பெயரை இழப்பார்.

பேச்சு மதிக்காத எல்லையை வரி மதிக்கிறது. கேரளத்துக்குள் மட்டும் பொருள் விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியதில்லை. அவரே பொள்ளாச்சிக்கு ஒரு ஷெட்டை விற்றால், தொகை எவ்வளவாயினும் பதிவு கட்டாயம். சிறுவணிகருக்கான இணக்க வரித் திட்டமும் அவருக்குக் கிட்டாது. உறவினரும் வாடிக்கையாளரும் இருபுறமும் பரவியிருக்கும் ஊர்களில் இது சிறிய தடை அன்று.

நிலமும் கேள்வி கேட்கும். பாலக்காட்டில் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இடுக்கியில் 1964ஆம் ஆண்டு விதிகளின்கீழ் பட்டா பெற்ற நிலத்தில் வணிகக் கட்டடம் எழுப்புவது நெடுங்காலச் சிக்கல். அதைத் தீர்க்கவே 2023இல் கேரளச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது.

எனவே இத்தொழிலில் நிலைக்க விரும்புபவர் நீள அகலத்தைக் கேட்குமுன் மூன்றைக் கேட்க வேண்டும்: என்ன விளைச்சல், எவ்வகை நிலம், எந்த மாநிலம்? அதைக் கேட்காமல் விற்ற கொட்டகையின் ஈரமும் வழக்கும், கடன் வாங்கி அதை எழுப்பிய உழவர் தலையில்தான் விடியும்.