ஆளுக்கு அரைக்கால்

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். பழைய கட்டிலுக்கு என்ன கிடைக்கும் என்பது குரும்பலூரில் யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் விற்கிற சரக்கெல்லாம் மூட்டையில் அடங்கும். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. விலை வேண்டுமென்றால் பெரம்பலூருக்கு ஒரு போன் போட்டால் போதும். பிரெஞ்சுக் கட்டிலுக்கு எந்த மண்டிக்குப் போன் போடுவது, நீங்களே சொல்லுங்கள்!

கட்டில் மட்டும் இல்லை. ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி ஒன்று, மூன்று இழுப்பறை வைத்த அலங்கார மேஜை ஒன்று. மூன்றும் எங்கள் தாத்தா 1955-ல் பாண்டிச்சேரியில் ஏலம் எடுத்தவை. நிலக்கடலைத் தரகு விஷயமாக அங்கே அடிக்கடி போவார். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்த பிறகு, ஊருக்குக் கப்பலேறிய ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டது. கடலைக்காகப் போன தாத்தா கட்டிலோடு திரும்பினார். அலமாரி, சாவி, ஜன்னல், ஏலம் எல்லாம் போர்ச்சுக்கீசியர் தமிழுக்குத் தந்த சொற்களாம். பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் குடும்பத்துக்குத் தந்தது இந்தக் கட்டில்.

ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்ததும் சிக்கல் ஆரம்பித்தது. புதுப் படுக்கையறை பத்துக்குப் பத்து. கட்டிலின் நாலு மூலையிலும் கொசுவலை கட்ட ஏழரை அடிக் கம்பம். மேலே சீலிங் ஃபேன். இறக்கைக்கும் கம்பத்துக்கும் நடுவே நாலு விரற்கடை. அதற்குக் கீழே படுக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

"வித்துடலாம்பா" என்றார் அண்ணன். "கட்டிலுக்கு நாலு கால். நாமளும் நாலு பேரு. ஆளுக்கு ஒரு கால். கணக்கு முடிஞ்சுது."

அண்ணன், நான், தம்பி, தங்கச்சி. கணக்கு சரியாகத்தான் தெரிந்தது, கேட்பவர்களுக்கு.

விளம்பரம் எதுவும் கொடுக்கவில்லை. தம்பி டீக்கடையில் ஒரு வார்த்தை போட்டான். மறுநாளே ஆள் வர ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்தவர் மரக்கடைக்காரர். டேப்பை எடுத்தார், நீளம் அகலம் அளந்தார். கன அடி இன்ன விலை என்று மொத்தமும் 22 ஆயிரம் சொன்னார். கம்பத்தில் சுற்றியிருந்த திராட்சைக் கொடி வேலைப்பாடு அவர் கணக்கில் கழிவு!

இரண்டாமவர் பெரிய கில்லாடி. கட்டில் பக்கம் திரும்பவே இல்லை. அம்மியைப் பார்த்து ஆச்சரியப்பட்டார், பித்தளைச் சொம்பைத் தூக்கிப் பார்த்தார், காபி குடித்தார். செருப்பு மாட்டும்போது, "இதுவும் இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்குதா? வேணா முப்பதுக்குத் தூக்கிட்டுப் போறேன்" என்றார். நாம் விற்க நினைக்கிற சாமானை ஒருவர் பார்க்காமலே இருந்தால் உஷாராகிவிட வேண்டும்.

மூன்றாமவர் காரில் வந்தார். "லூயி பதினைஞ்சு சார் இது! பாரிஸுக்கே அனுப்பிடலாம்" என்றார். அலமாரிக் கண்ணாடியை ஏன் கழற்றிப் பார்த்தார் என்பது இன்றுவரை புரியவில்லை.

லூயி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் லூயி ஆண்டது 1715-லிருந்து 1774 வரை. அந்தப் பாணிச் சாமானுக்குக் கால் வளைந்து, கொஞ்சம் நாட்டிய பாவத்தில் நிற்கும். பதினாறாம் லூயி பாணிக்குக் கால் நேராக, நெடுக வரி ஓடி இருக்கும். காலை வைத்தே ராஜாவைச் சொல்லிவிடலாம். ஆனால் லூயி காலத்துச் சாமான் வேறு, லூயி பாணிச் சாமான் வேறு. அந்தப் பாணியை நூறு, நூற்றைம்பது வருஷம் கழித்தும் உலகம் முழுக்கச் செய்தார்கள். எங்கள் கட்டில் கால் வளைந்திருந்தது உண்மை. அதற்காக ராஜா வந்து படுத்ததாகச் சொல்ல முடியுமா?

பாரிஸும் லேசில்லை. 1972-ல் வந்த பழம்பொருள் சட்டப்படி, நூறு வயசு தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பிரெஞ்சுக் கட்டிலே ஆனாலும் பிரான்ஸுக்குப் போக வழியில்லை!

நான் பத்திர ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். நாலு பேர் நாலு விலை சொன்னால், சம்பந்தமில்லாத ஐந்தாவது ஆளைக் கேட்பது பழக்கம். பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். அங்கே செய்யும் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அங்கிருந்து வயசான ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்தேன்.

அவர் கட்டிலுக்கு மேலே பார்க்கவில்லை. டார்ச்சோடு கீழே படுத்துக்கொண்டார். இழுப்பறையை உருவிக் கவிழ்த்துப் பார்த்தார். "கை ரம்பத்துல அறுத்தது. வரி ஒண்ணு போல இல்ல பாருங்க. ஸ்க்ரூ தலையில ஒத்தை வெட்டு. நட்சத்திர வெட்டு இருந்தா பிற்பாடு செஞ்சதுன்னு அர்த்தம்" என்றார். அது சரிதான். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ 1930-களில் அமெரிக்காவில் வந்தது.

"மரம் பர்மாத் தேக்கு. வேலை நம்ம ஆளுங்க வேலை. கொடியில தொங்குது பாருங்க, திராட்சை மாதிரி இருக்கும், இலை வெத்தலை."

"அப்ப பிரெஞ்சு எது?" என்றான் தம்பி, ஏமாந்த குரலில்.

"பாலிஷ், தம்பி. பிரெஞ்சு பாலிஷ். அதுவும் நம்ம நாட்டு அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சுப் போடுறதுதான்."

தம்பி விற்பதற்கு முன்னால் எனாமல் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கிவிடலாம் என்றிருந்தான். ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். "பழைய மெருகு போச்சுன்னா பாதி விலை போச்சு. அறுபது, எழுபது வருஷத்துல ஒரு சொட்டு ஈரம் படல, கரையான் தொடல. இதைத் தொடைச்ச கை யாரோடது?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம்.

அத்தை, தாத்தாவின் ஒரே மகள். பத்தொன்பது வயசில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். அந்தக் காலத்து வழக்கப்படி அவளுக்குப் பாய்தான், தரைதான். தினம் காலையில் பழைய வேட்டித் துணியால் கட்டிலைத் துடைப்பாள். ராத்திரி அதற்குப் பக்கத்திலேயே கீழே படுப்பாள். ஒரு நாள்கூட மேலே படுத்ததில்லை. படுக்கச் சொல்லி ஒருவரும் சொன்னதும் இல்லை.

அன்று ராத்திரி நான் கணக்கை எடுத்தேன். தாத்தா உயில் எழுதாமல் 1971-ல் போனார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டாள். கட்டில் தாத்தாவின் சுயசம்பாத்தியம். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. ஆக, அத்தைக்குப் பாதி. அப்பாவின் பாதிதான் எங்கள் நாலு பேருக்கும். மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு.

"அண்ணே, ஆளுக்கு ஒரு கால் இல்லை. ஆளுக்கு அரைக்கால்" என்றேன். பழைய வாய்ப்பாட்டில் எட்டில் ஒன்றுக்குப் பெயரே அரைக்கால்தானே!

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அத்தைக்கு எதுக்குடா பணம்? நாமதானே சோறு போடறோம்?"

"சோறு போடறது யாருன்னு அடுப்பங்கரையில போய்ப் பாருங்க" என்றாள் தங்கச்சி. அதற்கப்புறம் அண்ணன் பேசவில்லை.

"கட்டிலை நீங்களே வச்சுக்குங்க அத்தை, நாங்க விக்கல" என்று தம்பி உருகினான். அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டா, அதுல ஏறவே முக்காலி வேணும். எண்பது வயசுக்கு மேல ஏறி விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கவா? வித்துத் தொலைங்க. எனக்குத் தாழ்வா ஒரு கட்டில் போடுங்க, கால் தரையில படணும். மிச்சத்துல, உக்கார்ற மாதிரி ஒரு கக்கூஸ் கட்டுங்க. குத்துக்காலிட்டு உக்கார முடியல."

வாயைத் திறந்து அவள் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் வாங்கியவர் புதுச்சேரிக்காரர். பழைய வீட்டைப் புதுப்பித்து விருந்தினர் விடுதி நடத்துகிறார். மூன்றையும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம். அத்தைக்கு எண்பது, எங்களுக்கு ஆளுக்கு இருபது. ரசீதில் 'பிரெஞ்சு பாணி, பர்மாத் தேக்கு, தமிழ்நாட்டு வேலை' என்று நானே எழுதிக் கொடுத்தேன். பத்திர ஆபீஸ் புத்தி.

கம்பங்களைக் கழற்றி லாரியில் ஏற்றும்போது அத்தை வாசலுக்கு வந்தாள். அழுவாள் என்று பயந்தோம். கையிலிருந்த வேட்டித் துணியை லாரிப் பையனிடம் நீட்டி, "ஈரத்துணி போடாதீங்கன்னு அங்க சொல்லு தம்பி" என்றாள். துணியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் புதுக்கட்டிலில் காலை நீட்டிப் படுத்தாள். பகல் பதினொரு மணி. சமையல் ஆகவில்லை.

அண்ணன்தான் அன்றைக்குச் சாதம் வடித்தார். கொஞ்சம் குழைந்துவிட்டது.